காலி வீதிக் கடை ஒழுங்கைக்குள்ள வந்திட்டுது. பேஸ்புக்கில தையல் வேலையைக் காட்டுறது எப்பிடி?

வெள்ளவத்தைத் தையல்:

எல்லாருக்கும் வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில சாறி பிளவுஸ் தைக்கிறன், 26 வருசமா. அதில 22 வருசம் காலி வீதியைப் பார்த்த கடை. கண்ணாடிக்குப் பின்னால நிண்ட பொம்மைக்கு வெள்ளிக்கு வெள்ளி ஒரு புது பிளவுஸ் மாத்தி விடுவன், அவ்வளவுதான். 100, 101 பஸ்ஸுக்கு நிக்கிற பொம்பிளையள் பார்த்துக்கொண்டு நிண்டிட்டு, பஸ்ஸையும் விட்டிட்டு உள்ள வருவினம். அதைவிட விளம்பரம் எண்டு நான் ஒரு சதம் செலவழிச்சதில்லை.

அந்தக் கட்டடத்தை இடிச்சுப் பெரிசாக் கட்டப் போகினம் எண்டு எழும்பச் சொல்லிச்சினம். இப்ப ஒரு ஒழுங்கைக்குள்ள, இரண்டாம் மாடியில ஒரு அறை. வாடகை பாதி, வெளிச்சமும் நல்லம். ஆனா தற்செயலா ஏறி வாற ஆள் ஒருத்தரும் இல்லை. பழைய ஆக்கள் தேடி வருகினம், புது முகம் மாசத்துக்கு நாலைஞ்சுதான். என்னோட இரண்டு பிள்ளையள் வேலை செய்யினம். ஒரு பிள்ளை ஆரி வேலை (கொக்கி ஊசியால மணி, ஜரிகை தைக்கிறது) மட்டும்தான், மணி கோத்தா கண் எடுக்க ஏலாது. ரண்டு பேரின்ர வீடும் என்ர கிழமைச் சம்பளத்தை நம்பித்தான் நடக்குது. அதுதான் இந்த வயசில இதைப் படிக்க வெளிக்கிட்டனான்.

மகன் அவுஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போக முந்திக் கடைப் பேரில ஒரு பேஜ் திறந்து தந்தவன். பிறகு ஒரு தம்பி வந்து, மாசம் 15,000 தாங்கோ, நான் பேஜைப் பார்க்கிறன் எண்டார். மூண்டு மாசத்தில 4,200 லைக். ஓடர் ரண்டு. அவர் போட்ட படங்கள் ஒண்டும் என்ர வேலை இல்லை, எங்கேயோ இந்தியக் கடைகளின்ர படங்கள். போன மாசம் ஒரு பிள்ளை கலியாணச் சாறியோட படியேறி வந்து, போனைக் காட்டி, "இதை மாதிரியே வேணும் அக்கா, நீங்கள் தைச்சதுதானே" எண்டு கேட்டா. இல்லைப் பிள்ளை எண்டு சொல்ல வேண்டி வந்தது. அவ ஒண்டும் சொல்லேல்லை, சாறியைத் திரும்பப் பைக்குள்ள வச்சுக்கொண்டு போட்டா. அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை இல்லை. 26 வருசத்தில என்ர கடையில ஒருத்தரும் பொய் கேட்டுப் போனதில்லை.

இனி ஆரிட்டையும் குடுக்காமல் நானே செய்யப் போறன். படம் எடுத்தால் மணி வேலை தெரியுதில்லை, எல்லாம் ஒரே மினுக்கமா வருது. விலை போடலாமோ? காசு கட்டினால் கனபேருக்குக் காட்டுறம், பூஸ்ட் எண்டு பேஸ்புக் ஒவ்வொரு நாளும் கேக்குது, அமத்தலாமோ? தைச்சுக்கொண்டு இருக்கேக்க மெசேஜுக்கு எப்பிடிப் பதில் எழுதுறது? தமிழில மட்டும்தான் எனக்கு ஒழுங்கா எழுத வரும். சிங்களம் கதைப்பன்.

கொட்டாஞ்சேனை கேக்:

அன்ரி, முதல்ல இன்னைக்கே அந்தப் படங்கள் எல்லாத்தையும் அழிச்சிடுங்க. பேஜ் வெறுமையா இருந்தாலும் பரவாயில்லை. நான் வீட்டில கேக் செய்றேன், அஞ்சு வருஷம் ஆச்சு. வேற ஆளோட கேக் படத்தைப் போட்டவங்க எங்க ஏரியாவிலயே ரெண்டு மூணு பேர் இருந்தாங்க, வாங்கினவங்க ரெண்டு படத்தையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் போட்டாங்க. அதுக்குப் பிறகு ஒரு ஓடரும் வராது.

படம் மினுக்கமா வாறது பிளாஷ் போடுறதால. மணி, ஜரிகை, கல் எல்லாம் நேரா அடிக்கிற வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அப்போ வேலை மறைஞ்சிடும். பிளாஷை நிறுத்துங்க, மேல இருக்கிற டியூப் லைட்டையும் அணைச்சிடுங்க. உங்க அறையில வெளிச்சம் நல்லம்னு சொன்னீங்களே, அது பெரிய சொத்து. வெயில் நேரா விழாத ஜன்னல் பக்கத்தில பொம்மையை நிறுத்தி, வெளிச்சம் பக்கவாட்டில வார மாதிரித் திருப்புங்க. அப்போ ஒவ்வொரு மணிக்கும் சின்ன நிழல் விழும், வேலை எழும்பித் தெரியும். பின்னால வெள்ளைச் சுவர் போதும். லென்ஸைப் புடவைத் துண்டால துடைச்சிட்டு எடுங்க, தையல் அறையில நூல் தூசி படிஞ்சிருக்கும்.

ஒரு பிளவுஸுக்கு மூணு படம்: முன்பக்கம், முதுகு, பிறகு உள்பக்கம். உள்பக்கத்தை யாரும் போடுறதில்லை. ஆனா உடுத்திற எங்களுக்குத் தெரியும், மணி நூல் முடிச்சு உடம்பில குத்துதா, லைனிங் சுத்தமா மூடியிருக்கா, பிறகு பெருப்பிக்க உள்ளுக்குத் துணி விட்டிருக்காங்களான்னுதான் முதல்ல பார்ப்போம். நீங்க அதைக் காட்டினா நான் படியேறி வருவேன் அன்ரி.

வீடியோவுக்கு அந்த ஆரி வேலை செய்யுற பிள்ளையோட கை மட்டும் போதும், 20 செக்கன். முகம் தேவையில்லை, ஆனா அவகிட்டக் கேட்டுட்டு எடுங்க. சினிமாப் பாட்டுப் போடாதீங்க. பிசினஸ் கணக்கில பாட்டுக்கு உரிமைப் பிரச்சினை வரும், சத்தத்தை நிறுத்திடுவாங்க. மெஷின் சத்தமே நல்லா இருக்கும், இல்லாட்டி நீங்களே பேசுங்க. எந்த நூல், எத்தனை நாள் எடுத்துச்சு, ஏன் அந்தக் கழுத்து அந்தச் சாறிக்குப் பொருந்தும்னு கடையில எங்களுக்குச் சொல்ற மாதிரியே.

விலை போடுங்க. "விலை இன்பொக்ஸில்"னு எழுதியிருந்தா நான் பார்த்துட்டுப் போயிடுவேன்.

ஆமர் வீதி ஜென்ட்ஸ் டெய்லர்:

விலை போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் போட்டுப் பார்த்தேன். அடுத்த கிழமையே பக்கத்துக் கடையில் 200 ரூபாய் குறைத்து எழுதினார்கள். தையல் வேலையில் துணியைக் கையில் பிடித்துப் பார்க்காமல் விலை சொல்ல முடியாது. சில்க் வேறு, ஜோர்ஜட் வேறு. படத்தைப் பார்த்து விலை கேட்டு வந்தவர்களிடம் பிறகு கூட்டிச் சொன்னால் ஏமாற்றுகிறோம் என்று நினைக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை கேக்:

அண்ணா, நீங்க சொல்றதும் சரி. ஆனா ஒரே விலையா எழுதாம, தைச்சு முடிஞ்ச பிளவுஸ் படத்துக்குக் கீழ அந்தப் பிளவுஸுக்கு என்ன வாங்கினீங்கன்னு எழுதலாமே. "இது ரோ சில்க், லைனிங் வச்சது, கைக்கு மட்டும் ஆரி, 9,500." பாக்கிறவங்க தங்களுக்கு எவ்வளவு வரும்னு தாங்களே கணக்குப் போட்டுக்குவாங்க.

தெஹிவளை பேக் கடை:

அக்கா, எனக்கு ஸ்கூல் பேக், ட்ராவல் பேக் வியாபாரம். நான் பேஸ்புக்குக்குச் சல்லி கட்டிப் படிச்ச பாடத்தைச் சொல்றேன்.

அந்தத் தம்பி எடுத்துத் தந்த 4,200 லைக்கும் பொய்யா இருக்கத் தேவையில்லை. நாம என்னத்தைக் கேக்குறமோ அதைத்தான் பேஸ்புக் தேடித் தரும். லைக் வேணும்னு சல்லி கட்டினா, கண்ட எல்லாத்துக்கும் லைக் அடிக்கிற பழக்கம் உள்ள ஆக்களுக்குக் கொண்டு போய்க் காட்டும். அவங்க லைக் அடிப்பாங்க, போவாங்க. மெசேஜ் வேணும்னு தெரிவு செஞ்சா, கடைகளுக்கு எழுதிக் கேட்டு வாங்குற ஆக்களுக்குக் காட்டும். ரெண்டும் வேற வேற ஆக்கள். அதனால பூஸ்ட் பட்டனைக் கண்ணை மூடிட்டு அமத்தாதீங்க. நோக்கம் எங்கன்னு பாருங்க, வட்ஸ்அப் மெசேஜ்னு மாத்துங்க. இடம் இலங்கை முழுக்கன்னு இருக்கும், அதையும் மாத்தி வெள்ளவத்தையில குத்தி, சுத்திவர சில கிலோமீற்றர் மட்டும் வைங்க. பம்பலப்பிட்டி, தெஹிவளை, கிருலப்பனை வந்தாப் போதும். அளவு குடுக்க ஒருக்கா, போட்டுப் பாக்க ஒருக்கா, எடுக்க ஒருக்கான்னு மூணு தரம் வரவேண்டிய வேலை உங்கட வேலை. கிளிநொச்சியில இருந்து லைக் வந்து என்ன செய்ய.

நாளைக்கு 500 ரூபாய்ப்படி நாலு நாளைக்கு மட்டும் போட்டுப் பாருங்க. மேசையில ஒரு சீஆர் கொப்பி வைங்க. புதுசா வார ஒவ்வொருத்தர்கிட்டயும் "எங்க பாத்து வந்தீங்க"ன்னு கேட்டு எழுதுங்க. ஒரு மாசத்தில அந்தக் கொப்பி சொல்லும், 2,000 ரூபாய் திரும்பி வந்துச்சா இல்லையான்னு. பேஸ்புக் காட்டுற இலக்கத்தை விட நான் என் கொப்பியைத்தான் நம்புறேன்.

காலத்தைப் பத்தி ஒண்டு. தீபாவளிக்கு முந்தின கிழமை விளம்பரம் போட்டா ஓடர் கொட்டும், ஆனா மூணு பேரால தைச்சுக் குடுக்க ஏலாது. சொன்ன நாளில குடுக்காட்டி அதையும் அதே பேஜிலதான் வந்து எழுதுவாங்க. உங்கட கைக்கு ஒரு கிழமைக்கு எத்தனை பிளவுஸ் தாங்கும்னு எண்ணிட்டு, ஆறு கிழமைக்கு முந்தியே போடுங்க, நிறைஞ்சதும் நிறுத்துங்க. சித்திரை வருஷத்துக்கும் தைப்பொங்கலுக்கும் அதே கணக்குத்தான்.

இப்ப முக்கியமானது. பேஜுக்குச் சொந்தக்காரர் யார்னு மகனோட உக்காந்து பாருங்க. அந்தத் தம்பிக்குக் குடுத்த அனுமதி இன்னும் இருந்தா எடுத்திடுங்க, பாஸ்வேர்டை மாத்துங்க. உங்கட வட்ஸ்அப்புக்கு ஆறு இலக்க இரகசிய எண் போடுங்க, ரெண்டு கட்டச் சரிபார்ப்புன்னு செட்டிங்கில இரிக்கி. "உங்கள் பேஜ் முடக்கப்படும், இந்த லிங்கை அமத்துங்க"ன்னு மெசேஜ் வரும், அமத்தவே வேணாம். எஸ்எம்எஸ்ல வார கோட்டை யாருக்கும் சொல்லவும் வேணாம்.

வாடிக்கையாளர் நம்பர் எல்லாம் கொப்பியிலயும் இருக்கட்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாத்தையும் அந்த மாசக் கடைசி வரைக்கும் முடக்கி வச்சாங்க. அந்த நாட்களில எங்களுக்கு வியாபாரத்தை விடப் பெரிய கவலைகள் இருந்துச்சு, ஆனா எடுக்க வேண்டிய சாமானுக்கு யாரைக் கூப்பிடுறதுன்னுகூடத் தெரியாம இருந்தேன், நம்பர் எல்லாம் மெசஞ்சருக்குள்ள. 2022 ஏப்ரல் 3ஆம் தேதியும் நிறுத்தினாங்க, அண்டைக்கு எனக்கிட்டக் கொப்பி இருந்துச்சு. அதே வருஷம்தான் மார்ச் தொடக்கத்தில 200 ரூபாய்க்குக் கிட்ட இருந்த டொலர் மே மாசத்தில 360ஐத் தொட்டுச்சு. என் விளம்பரக் கணக்கு டொலர்ல. ஒரே விளம்பரம், ஒன்றரை மடங்குக்கு மேல காசு. ரெண்டு மாசம் விளம்பரமே இல்லாம, கொப்பியில இருந்த நம்பர்களுக்குக் கோல் எடுத்துத்தான் கடையை ஓட்டினேன்.

கூகிள் மெப்ல கடையைப் பதிஞ்சிட்டீங்களா? ஒழுங்கைக்குள்ள இருக்கிற கடைக்குப் பேஸ்புக்கை விட அதுதான் முதல் வேலை. சும்மாதான், சல்லி இல்லை. பழைய ஆக்கள்கிட்டக் கேளுங்க, வந்து ரெண்டு வரி எழுதிட்டுப் போவாங்க. படிக்கட்டு வாசலையும் ஒரு படம் போடுங்க, இல்லாட்டி கீழ நின்னு தேடுவாங்க.

ரொறன்ரோவில இருந்து:

அக்கா, நான் வாங்குற பக்கத்தில இருந்து எழுதுறன். ஆடி, ஆவணியில ஊருக்கு வாறம், கலியாணம் ஒண்டு இல்லாட்டிச் சாமத்தியவீடு ஒண்டு எப்பவும் இருக்கும். கொழும்பில நிக்கிறது நாலு நாள். அந்த நாலு நாளில பிளவுஸ் தைச்சு எடுக்கிறது பெரிய பதற்றம். போன முறை பயணத்துக்கு முதல் நாள் இரவு பதினொரு மணிக்கு ஒரு கடை வாசலில நிண்டு அழுதிருக்கிறன்.

நாங்கள் இங்க இருக்கேக்கயே ஒருத்தர் வீடியோவில அளவு எடுத்து, சாறியை அம்மா கொண்டுவந்து தர, நான் வந்து இறங்கிற நேரம் அரைவாசி தைச்சு வச்சிருந்தால் நான் விலை கேக்க மாட்டன். இதை நீங்கள் செய்வீங்கள் எண்டு பேஜில எழுதிப் போடுங்கோ. எனக்குத் தெரிஞ்ச இருபது பேர் இதைத்தான் தேடுகினம். அதுக்குக் கிலோமீற்றர் கணக்கில விளம்பரம் தேவையில்லை, என்னை மாதிரி ஒரு ஆளுக்கு ஒழுங்காத் தைச்சுக் குடுத்தால் எங்கட குடும்ப வட்ஸ்அப் குறூப்பில அடுத்த நாளே படம் வரும்.

நேரத்தையும் பாருங்கோ. கோடையில எங்களுக்கு இரவு எட்டு மணி எண்டால் உங்களுக்கு விடிய அஞ்சரை. உங்களுக்கு இரவு ஒன்பதரை எண்டால் எங்களுக்கு மத்தியானம். நீங்கள் பகல் பதினொரு மணிக்குப் போட்டால் நாங்கள் நித்திரை.

கொட்டாஞ்சேனை கேக்:

மெசேஜ் விஷயம் விட்டுப்போச்சு. வட்ஸ்அப் பிசினஸ் செயலிக்கு மாறுங்க அன்ரி, அது இலவசம். மெஷினில இருக்கும்போது தானாப் பதில் போக வைக்கலாம்: "தைத்துக்கொண்டிருக்கிறேன், மாலை 6 மணிக்குப் பதில் எழுதுவேன்." அடிக்கடி கேட்கிற கேள்விக்குப் பதிலை எழுதி வச்சிட்டா, சாய்கோடு ஒண்ணை அடிச்சதும் வரும். ஒவ்வொரு ஆளுக்கும் நிறத்தில லேபல் போடலாம், அளவு எடுத்தது, வெட்டினது, ஆரியில இருக்கு, ரெடி, காசு பாக்கின்னு.

ஸ்டேட்டஸ் போட்டா எல்லாருக்கும் தெரியாது. உங்க நம்பரை அவங்களும், அவங்க நம்பரை நீங்களும் சேவ் பண்ணியிருக்கணும். ஒரே மெசேஜைப் பல பேருக்குத் தனித்தனியா அனுப்புற புரோட்காஸ்ட்டும் அப்படித்தான், ஒரு லிஸ்ட்டில 256 பேர், உங்க நம்பரைச் சேவ் பண்ணாதவங்களுக்குப் போகாது. அதனால பிளவுஸை எடுக்க வாறவங்க கையிலேயே போனைக் கொடுத்துச் சேவ் பண்ணச் சொல்லுங்க. கேட்காம யாரையும் குறூப்பில சேர்க்காதீங்க.

காசு போட்ட சிலிப்பை ஸ்கிரீன்சொட் எடுத்து அனுப்புவாங்க. அதைப் பார்த்துச் சாமானைக் கொடுக்காதீங்க, உங்க கணக்கில விழுந்திருக்கான்னு பார்த்துட்டுக் கொடுங்க. ஒரு மூணு தட்டுக் கேக்கை நான் அப்படி இழந்திருக்கேன்.

வெள்ளவத்தைத் தையல்:

ஏழு கிழமை கழிச்சு எழுதுறன். பிந்தினதுக்குக் குறை நினைக்காதேங்கோ. சொன்னதை ஒவ்வொண்டாச் செய்து பார்த்திட்டு வாறன்.

படங்கள் எல்லாத்தையும் அண்டைக்கே அழிச்சனான், 140 படம். மகன் வீடியோவில இருந்து அந்தத் தம்பியின்ர அனுமதியை எடுத்து விட்டவன். பேஜில ஒண்டும் இல்லாமல் இருந்தது ஒரு கிழமை. பிறகு முதல் படம், அலுமாரியில இருந்த ஒரு பழைய மயில்கழுத்துப் பச்சைப் பிளவுஸ், கடைப் பொம்மைக்குப் போட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில வச்சு எடுத்தனான். பக்கவாட்டு வெளிச்சத்தில மணி எழும்பி வந்ததைப் பார்த்து ஆரி பிள்ளை சொன்னா, "அன்ரி, இது நான் செய்ததோ?" எண்டு. ரண்டு வருசமாச் செய்யிறா, தன்ர வேலையை அவ அப்பிடிப் பார்த்ததில்லை. அந்த ஒண்டுக்காகவே நான் இதைப் படிச்சது சரி.

உள்பக்கப் படத்துக்குத்தான் கூடக் கேள்வி வந்தது. முதுகு ஹூக் பக்கத்தில ஏன் இவ்வளவு துணி விட்டிருக்கிறியள் எண்டு ஒருத்தர் கேட்டா. பிள்ளை பிறந்த பிறகும் உடுத்த வேணும், அதுக்கு ரண்டு அங்குலம் விடுவன் எண்டு எழுதினன். அந்தப் பதிலை நாலு பேர் தங்கட சிநேகிதியருக்கு அனுப்பியிருக்கினம்.

விலையை, தைச்சு முடிஞ்சதுக்குக் கீழ மட்டும் எழுதுறன். ஆமர் வீதித் தம்பி சொன்ன பயம் எனக்கும் இருந்தது. ஒரு கடை குறைச்சுப் போட்டதும் உண்மை. நான் மாத்தேல்லை. என்ர பிள்ளையளின்ர சம்பளம் அந்த விலைக்குள்ள இருக்கு.

விளம்பரம் ஒருக்காத்தான் போட்டனான், 500 படி நாலு நாள், மெசேஜுக்கு. காட் ஒன்லைனில வேலை செய்யேல்லை, வங்கியில போய்க் கேட்டுத் திறக்க ஒரு நாள் போட்டுது. சீஆர் கொப்பியில இப்ப 31 புது ஆக்கள். பேஸ்புக் விளம்பரம் பார்த்து 6. கூகிள் மெப் பார்த்து 11, இதை நான் எதிர்பார்க்கேல்லை. மிச்சம் 14 பேரும் "அக்கா சொன்னா, மச்சாள் சொன்னா" தான். ஆனா அந்தப் பதினாலில கனபேர், படத்தை ஆரோ அனுப்பினவை எண்டும் சொல்லுகினம். அதை எந்தக் கணக்கில எழுதுறது எண்டு எனக்குத் தெரியேல்லை, தனி நிரல் ஒண்டு கீறியிருக்கிறன்.

மெப் பார்த்து வந்ததில அஞ்சு பேர் சிங்களப் பிள்ளையள். அவை பிளவுஸ் எண்டு தேடுறதில்லை, "சாறி ஜாக்கெட்" எண்டுதான் தேடுகினம். 26 வருசமா வாயால சொல்லுற சொல், பேஜில போட வேணும் எண்டு எனக்குத் தோன்றேல்லை. இப்ப கடைப் பேருக்குக் கீழ ரண்டு சொல்லும் இருக்கு. கீழ்வீட்டுச் சிங்களப் பிள்ளை சிங்களத்தில எழுதித் தந்தா, அவவுக்கு ஒரு ஒசரி (கண்டிச் சாறி) ஜாக்கெட் தைச்சுக் குடுத்தனான். அந்தப் படமும் அவவைக் கேட்டுத்தான் போட்டது.

சாறியைப் பைக்குள்ள வச்சுக்கொண்டு போன கலியாணப் பிள்ளையைக் கண்டுபிடிக்க ஏலேல்லை. பேஜில எழுதினனான்: இதில முந்தி இருந்த படங்கள் என்ர வேலை இல்லை, நம்பி வந்த ஆக்களிட்ட மன்னிப்புக் கேக்கிறன், இனி இருக்கிறதெல்லாம் இந்த அறையில தைச்சது. லைக் 600 போலக் குறைஞ்சிட்டுது. போகட்டும்.

ரொறன்ரோப் பிள்ளை, உங்கட அம்மா சாறியைக் கொண்டுவந்து தந்திட்டா, அரக்குப் பட்டு, நல்ல கனம். நாளைக்கு விடிய அஞ்சரைக்கு நான் எழும்பி இருப்பன். அளவு நாடாவும் ஒரு சின்னப் பேனையும் பக்கத்தில வச்சுக்கொண்டு, நல்லாப் பொருந்துற ஒரு பழைய பிளவுஸையும் எடுத்து வையுங்கோ. கைக்குழி அளவு உடம்பில எடுக்கிறதை விட அதில எடுத்தால்தான் எனக்கு நம்பிக்கை.